சப்பாத்து லேசும் சங்க இடாப்பும்

போன நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து தங்கச்சி குடும்பம் வந்திருந்தது. ஒருநாள் பின்னேரம் அவர்களோடு ஆஸ்பத்திரி வீதியில் இருக்கும் கார்கில்ஸ் ஸ்குயாருக்குப் போனேன். உள்ளே நல்ல குளிர். கீழே ஃபூட் சிட்டி, மேலே திரையரங்கு, கே.எஃப்.சி. மருமகள் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, அங்கை ஹட்சன்ஸ் பே எல்லாத்தையும் பூட்டிப்போட்டாங்கள். இஞ்சை என்னெண்டால் இப்பதான் கடை கடையாய்த் திறக்கினம்."

1670-ல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனம் 2025 ஜூன் முதலாம் தேதி தன் கடைசிக் கடைகளையும் மூடிவிட்டது. அதற்கு முன்பே, 1869-ல் தொடங்கிய ஈற்றன்ஸ் 1999-ல் முறிந்துபோனது. தங்கச்சி 1987-ல் கனடா போய் இறங்கியபோது போட்டுக்கொண்ட முதல் குளிர் அங்கி ஈற்றன்ஸ் கடையின் கழிவு விற்பனையில் வாங்கியது. அந்த அங்கியோடு எடுத்த படத்தைத்தான் அம்மாவுக்கு முதலில் அனுப்பினாள். அம்மா அதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தா.

எனக்கு அந்தப் பின்னேரம் வேறொரு கார்கில்ஸ் நினைவுக்கு வந்தது.

1968. எனக்குப் பத்து வயது. அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். இடமாற்ற அலுவலாகக் கொழும்பில் ஒரு கந்தோருக்குப் போகவேண்டியிருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுன்னாகம் ஸ்ரேசனில் விடியற்காலை யாழ்தேவி ஏறினோம். அம்மா கட்டித் தந்த புட்டும் முட்டைப் பொரியலும் அநுராதபுரம் வரும்போதே முடிந்துவிட்டன. அடுத்த நாள் கந்தோர் அலுவல் முடிந்ததும் அப்பா என்னைக் கோட்டைப் பக்கம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். யோர்க் வீதித் திருப்பத்தில் நின்று, "உதுதான் கார்கில்ஸ்" என்றார்.

சிவப்பும் வெள்ளையுமாக, வீதியின் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொண்டு நின்றது அந்தக் கட்டடம். தூண்களுக்குக் கீழே நிழல் நடைபாதை. உள்ளே நுழைந்தால் ஒரே கூரையின் கீழ் மருந்து ஒரு பக்கம், துணி ஒரு பக்கம், தகரத்தில் அடைத்த சாப்பாட்டுச் சாமான் ஒரு பக்கம். ஒவ்வொன்றிலும் விலை எழுதி ஒட்டியிருந்தது. பேரம் என்ற பேச்சே இல்லை. யாரும் எங்களிடம் "என்ன வேணும்" என்று கேட்கவில்லை. பார்த்துக்கொண்டே நடக்கலாம், வாங்காமல் வெளியே வரலாம். உலகத்தின் பெரிய கடைகள் எல்லாம் கொண்டுவந்த புதுமை இதுதான் என்று பின்னாளில் படித்தேன். பாரிஸில் பொன் மார்ஷே, பிலடெல்பியாவில் வனமேக்கர், 1858-ல் தொடங்கிய நியூயோர்க் மேசீஸ் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தன. விலை எல்லோருக்கும் ஒன்று, கதவும் எல்லோருக்கும் திறந்தது.

ஆனால் அப்பாவுக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு கடைக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவது அவருடைய மரியாதைக்குச் சரிப்படவில்லை. நெடுநேரம் தேடி, இருந்ததிலேயே விலை குறைந்த பொருளை எடுத்தார். ஒரு சோடி சப்பாத்து லேஸ், கறுப்பு. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் அதை ஒரு பெரிய சாமானைப் போலவே பொறுமையாகக் கடதாசியில் சுற்றி நூல் கட்டிக் கொடுத்தார். அந்த மனிதரின் கைகளை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். அப்பாவுக்கு லேஸ் போட்ட சப்பாத்து கிடையாது. செருப்புத்தான். அந்தப் பொதி எங்கள் வீட்டு அலுமாரியில் காணி உறுதிகளுக்கும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் இடையில் கட்டு அவிழ்க்கப்படாமல் இருந்தது.

அந்தக் கடையின் கதை பெரியது. 1844-ல் வில்லியம் மில்ன், டேவிட் சைம் கார்கில் என்ற இரண்டு ஸ்கொத்லாந்துக்காரர் தொடங்கிய வணிகம் அது. யோர்க் வீதியில் ஆளுநர் பிரெடரிக் நோர்த் குடியிருந்த நிலத்தில், இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1906-ல் திறக்கப்பட்டது. தோட்டத் துரைமாரும் வெள்ளைக்கார உத்தியோகத்தரும் சீமைச் சாமான் வாங்கிய இடம். 1946-ல் அது இலங்கையில் பொது நிறுவனமாகியபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ஒரு தமிழர்: சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர். 1928-ல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, இலங்கையில் சினிமாக் கொட்டகைகளைப் பரப்பியவர். கொழும்பில் அவருடைய பெயரில் வீதியே இருக்கிறது. அப்பாவும் நானும் கார்கில்ஸ் வாசலில் தயங்கி நின்ற அந்த நாளில் எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உள்ளே போயிருப்பார்.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு அப்படியொரு கடை தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். பட்டணமே அப்படி இருந்தது. கூரை மட்டும்தான் தனித்தனி. பெரியகடை என்ற கடைத்தெருவுக்குள் நுழைந்தால் பலசரக்கு. கஸ்தூரியார் வீதியில் நகை. புத்தகத்துக்குப் பூபாலசிங்கம். துணிக்கும் தையலுக்கும் இரும்புச் சாமானுக்கும் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள். எங்களுக்குப் பழக்கமான துணிக்கடை நானாவுக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் அளவு எல்லாம் மனப்பாடம். "வாத்தியார், மூத்தவன் வளர்ந்திருப்பான், ஒரு முழம் கூடப் போடுவம்" என்று சொல்லிக்கொண்டே கிழிப்பார். தீபாவளிக்கு எடுத்த துணிக்குத் தைப்பொங்கல் கழிந்துதான் காசு கொடுப்போம். கொப்பியில் எழுதுவார். அந்தக் கொப்பியை ஒருநாளும் எங்களுக்குக் காட்டியதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை. மரக்கறிக்குச் சுன்னாகம் சந்தை, திருநெல்வேலிச் சந்தை. ஒரு கல்யாணத்துக்குச் சாமான் வாங்கப் போனால் பத்துக் கடை ஏறி, பத்துப் பேரிடம் பொம்பிளை ஆர், மாப்பிள்ளை ஆர் என்று சொல்லி முடியும்போது பொழுது பட்டுவிடும்.

1981 மே மாதக் கடைசி இரவும் அதற்கடுத்த இரவுகளும் அந்தப் பட்டணத்தில் பாதியைத் தின்றன. ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். சந்தைக் கடைகள் எரிந்தன. பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது. அப்பா அடுத்த நாள் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கிணற்றடியில் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். அதை எழுதாமல் யாழ்ப்பாணத்துக் கடைகளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை. 1990 ஒக்ரோபர் 30-ஆம் தேதி, விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். பல நூறாண்டுகளாக இங்கே வாழ்ந்தவர்கள், உடுத்த துணியோடும் கையில் சிறு தொகையோடும் போனார்கள். அந்தத் துணிக்கடை நானாவும் போனார். நாங்கள் வீதியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த வருடம் அவருடைய கொப்பியில் எங்கள் கணக்கில் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைக் கொடுக்கவென்று 2003-ல் புத்தளம் வரைக்கும் போய் விசாரித்தேன். அவர் மௌத்தாகிவிட்டதாகச் சொன்னார்கள். மகனிடம் கொடுத்தேன். வாங்க மறுத்து, தேத்தண்ணி போட்டுத் தந்தார். அந்தக் காசு என்னோடேயே திரும்பி வந்தது.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30-ஆம் தேதி, 1995-ல், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் ஆளை ஆள் நெரிக்க நின்றபோது, அந்தத் தேதியை என்னால் மறக்க முடியவில்லை.

இந்த இரண்டு ஒக்ரோபர்களுக்கும் நடுவில்தான் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, சவர்க்காரம், மெழுகுதிரி, உரம், சீமெந்து என்று தடுக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டு போனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பனம்பழச் சாறில் உடுப்புத் தோய்த்தோம். சீனி இல்லாத வீட்டில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடித்தோம். அந்தக் காலத்தில்தான் எனக்குச் சங்கக்கடையின் அருமை விளங்கத் தொடங்கியது.

சங்கக்கடை என்றால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிளை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், அரிசிப் பங்கீடு வந்ததோடு கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. எங்கள் பக்கத்தில் கூட்டுறவு என்பது கடையோடு நின்றுவிடவில்லை. 1936-லேயே மூளாயில் சனங்கள் பங்குபோட்டுக் கூட்டுறவு ஆஸ்பத்திரி நடத்தினார்கள். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீ. வீரசிங்கம் கூட்டுறவுக்காகவே உழைத்த மனிதர். யாழ்ப்பாணத்தில் கூட்டம் நடக்கிற வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரில் கூட்டுறவாளர் கட்டியதுதான். நான் சிறுவனாயிருந்தபோது சங்கக்கடை என்றால் கூப்பன் அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சிவப்புப் பருப்பு. அழுக்கான மேசை, இரும்புத் தராசு, சாக்கு மணம். கார்கில்ஸின் பளபளப்போடு ஒப்பிட்டால் யாரும் ஆசையோடு போகிற இடமில்லை. பத்து வயதில் யோர்க் வீதியைப் பார்த்துவிட்டு வந்த நான், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் சங்கக்கடைக்குப் போகவே வெட்கப்பட்டேன். அம்மா அதைக் கவனித்துவிட்டுத் தானே பையைத் தூக்கிக்கொண்டு போனா.

1970 முதல் 77 வரைக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். நாடு முழுவதும் பாணுக்குக்கூட வரிசையில் நின்றது. எங்கள் செம்மண்ணில் மட்டும் வெங்காயமும் மிளகாயும் பொன்னாக விளைந்தன. கமக்காரர் கல்வீடு கட்டினார்கள். 77-க்குப் பிறகு சந்தை திறந்துவிடப்பட, இறக்குமதி மிளகாய் வந்து குவிந்தது. கொழும்பில் சாமான் பெருகியது. 1983-ல் கார்கில்ஸ் தன் முதல் ஃபூட் சிட்டியைக் கொழும்பு ஸ்ரேப்பிள்ஸ் வீதியில் திறந்தது. நாமே கூடைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் காசு கொடுக்கிற கடை. அந்த வருட ஜூலையில்தான் அதே கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தன. வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் சித்தப்பா கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். கையில் கடைத் திறப்புக் கோர்வை மட்டும் இருந்தது. பூட்டுவதற்குக் கதவு இல்லாமல் போன பிறகும் அந்தத் திறப்புகளை அவர் இடுப்பிலிருந்து கழற்றவில்லை.

சங்கக்கடையை நான் முழுதாக அறிந்தது 2006-ல். ஓகஸ்ற் 11-ஆம் தேதி முகமாலையில் சண்டை தொடங்க, ஏ9 பாதை மூடப்பட்டது. குடாநாடு ஒரு தீவாகிவிட்டது. சாமான் எல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பல் வந்தால் குடும்ப அட்டைக்குச் சீனி, மா, பருப்பு. வராவிட்டால் வரிசை மட்டும். ஊரடங்கு நீங்கியதும் அம்மா அட்டையைக் கொண்டுபோய்க் கல்லுக்குக் கீழே வைத்து இடம்பிடிப்பா. வரிசையில் கல்லுகளும் பைகளும் போத்தல்களும் நிற்கும். ஆட்கள் வேம்பு நிழலில் இருப்பார்கள்.

எங்கள் சங்கக்கடையை அப்போது நடத்தியவ ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா. மனேச்சர் அக்கா என்றே எல்லோரும் சொல்வோம். காற்சட்டை போட்ட பெடியன் வந்தாலும் பெரிய உத்தியோகத்தர் வந்தாலும் ஒரே அளவு. தராசு முள் அசைந்து நிற்கும் வரைக்கும் கையெடுக்கமாட்டா. ஒருநாள் வந்த சீனி அட்டைகளுக்குப் போதவில்லை. கடைசியில் ஏழு குடும்பம் மிஞ்சியது. தனக்கும் தன் தமையன் வீட்டுக்கும் எடுத்துவைத்த சீனியை மேசையில் வைத்து ஏழாகப் பிரித்தா. ஒவ்வொரு பங்கும் ஒரு சுண்டுகூட வராது. அந்த ஏழில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அம்மா அதைக் கொண்டுவந்து போத்தலில் போட்டு மூடிவிட்டு, "உந்தச் சீனி வருத்தக்காரருக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டா.

யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. 2013-ல் கார்கில்ஸ் ஸ்குயார் வந்தது. அடுத்த வருடம் ஒக்ரோபரில் யாழ்தேவியும் திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. கார்கில்ஸைப் பார்க்கக் கொழும்புக்குப் போன ரயில், கார்கில்ஸ் இங்கே வந்த பிறகு திரும்பி ஓடத் தொடங்கியது. அப்பா இரண்டையும் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடத்தை நான் குறை சொல்லமாட்டேன். எங்கள் ஊர்ப் பெட்டையள் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். விலை எழுதியிருக்கிறது, ஏமாற்று இல்லை. ஒடியல் மாவும் குரக்கன் மாவும் சுத்தமாகப் பொதி செய்து இருக்கின்றன. வயதானவர் லிஃப்டில் ஏறிப் போய்ப் படம் பார்த்துவிட்டு வரலாம். ஆடியிலும் ஆவணியிலும் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் பிள்ளைகள் வந்து நிற்கும்போது அந்த இடம் கலகலவென்றிருக்கும். திருவிழா முடிந்து அவர்கள் பிளேன் ஏறிய பிறகு போய்ப் பாருங்கள். ஒரு சிறு பாண், ஒரு பால்மாப் பெட்டி, ஒரு மருந்துக் கிறீம் என்று கூடையின் அடியில் இரண்டு மூன்று சாமானோடு தனித்தனியாக நிற்பவர்கள் எல்லாம் என் வயதுக்காரர். ஒருவருக்காக மட்டும் சமைப்பவர்களின் கூடை அது. இத்தனை சாமானும் வேண்டியிருந்த வீடுகளில், ஆறு பிள்ளை ஏழு பிள்ளை இருந்த வீடுகளில், இப்போது சாமான் இருக்கிறது, பிள்ளைகள் இல்லை.

2022-ல் நாட்டின் டொலர் தீர்ந்தபோது கொழும்பிலிருந்து ஒரு சிங்கள நண்பர் தொலைபேசி எடுத்தார். என்னோடு ஒரே திணைக்களத்தில் வேலை செய்தவர். காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு மூன்று நாளாக வரிசை, பால்மா ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்கள் முந்திப் போத்தலிலே ஒரு விளக்குச் செய்வீர்களே, அது எப்படி?" என்று கேட்டார். ஜாம் போத்தல் எடுக்கச் சொன்னேன். அடியில் பஞ்சு வைக்கச் சொன்னேன். திரியை எவ்வளவு நீளத்துக்கு விடவேண்டும் என்று சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிவில், "இத்தனை வருடமும் இப்படியா இருந்தீர்கள்?" என்றார். ஓம் என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவருடைய குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. அதை நான் மதிக்கிறேன்.

அந்த வரிசை நாட்களில்தான் பல வருடத்துக்குப் பிறகு எங்கள் சங்கக்கடைக்குப் போனேன், மண்ணெண்ணெய்க்கு. கட்டடம் அப்படியே இருக்கிறது. கதவில் பாதி பூட்டு, பாதி திறப்பு. மனேச்சர் அக்கா இப்போது இல்லை. பொறுப்பில் இருந்த தம்பியிடம் பழைய இடாப்புகள் இருக்கிறதா என்று கேட்டேன். யோர்க் வீதிக் கட்டடத்தின் கதையைச் சொல்லப் புத்தகமும் படங்களும் இருக்கின்றன. எங்களை உயிரோடு வைத்திருந்த கடைக்கு ஒரு பக்கமாவது எழுதவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

"கனக்கக் கறையான் அரிச்சுப்போட்டுது ஐயா. ஒண்டு கிடக்கு, பாருங்கோ."

2007-ஆம் ஆண்டுச் சீனி விநியோக இடாப்பு. நீல மட்டை. ஓரம் முழுக்கக் கறையான் தின்ற வளைவுகள். ஒவ்வொரு வரியிலும் குடும்ப அட்டை இலக்கம், ஆட்களின் தொகை, கொடுத்த அளவு, கையொப்பம். சில வரிகளை மனேச்சர் அக்கா சிவப்பு மையால், அடிமட்டம் வைத்து, நேராக வெட்டியிருந்தா. பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணம்: "வெளிநாடு." "கொழும்பு." "காணவில்லை." "மரணம்." ஒரு பக்கத்தில் நாலு சிவப்புக் கோடு, அடுத்த பக்கத்தில் ஆறு. கிழமைக்குக் கிழமை வெட்டாத வரிகள் குறைந்துகொண்டு வந்தன.

எங்கள் வரியைத் தேடிப் பிடித்தேன். ஆட்கள் 3 என்றிருந்த இடத்தில் சித்திரை மாதம் 2 என்று திருத்தியிருந்தது. அப்பா செத்தது அந்தச் சித்திரையில். அதற்கு நேரே அம்மாவின் கையொப்பம், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல முழுப் பெயரும். பேனை நடுவில் நின்றுபோயிருக்கவேண்டும். கடைசி மூன்று எழுத்தும் மையில்லாமல் கடதாசியில் பதிந்த தடமாக மட்டும் இருந்தன. விரலால் தடவித்தான் வாசித்தேன்.